ஒரே நாளில் இரண்டு ஓட்டு

'கஞ்சா கேஸ் போட்டு உள்ள தள்ளிருவேன்டா' என்கிற வார்த்தையைக் கேட்காமல் எங்கள் தெருவில் வளர்ந்த ஆண்பிள்ளை கிடையாது. குடிக்கிறவன், குடிக்காதவன் என்கிற பேதமெல்லாம் இந்த வார்த்தைக்கு இல்லை. கூலி பாக்கி கேட்டுப் போய் நின்றவனுக்கும் இதுதான். ஊர்த்தெரு வழியாகச் சைக்கிளை விட்டு இறங்காமல் போனவனுக்கும் இதுதான். 'பொட்டலம் எப்பவும் ரெடியா இருக்கும்பா, ஆளத்தான் தேடணும்' என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். என் பெரியம்மா மகன் மேல் அப்படி ஒரு கேஸ் விழுந்தது. அவன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சமீபத்தில் மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் கேட்டார்: 'அண்ணே, அமெரிக்காவுல கஞ்சாவச் சட்டப்படியே கடை போட்டு விக்கிறானாமே, அது சரியா தப்பாண்ணே?' நான் என்னமோ பதில் சொன்னேன். அது சரியான பதில் இல்லை என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது உறைத்தது. ஒரு காரியம் சரியா தப்பா என்று கேட்பதற்கு முன்னால், யார் செய்தால் அது சரி, யார் செய்தால் அது தப்பு என்று கேட்டுப் பழகிய சனம் நாம். அந்த மாணவரிடமும் நான் அதைத்தான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்கா முழுவதையும் இழுத்துப் போட்டால் பேச்சு சிதறிவிடும். ஒரு மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன்: கலிபோர்னியா.

கலிபோர்னியா கஞ்சாவைத் தடுத்தது 1913-இல். அந்தத் தடைக்குப் பின்னால் இந்தியர்கள் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மாநில மருந்தாளுநர் வாரியத்தில் இருந்த ஹென்றி ஃபிங்கர் என்பவர் 1911-இல் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த ஒரு வருடத்தில் 'இந்தூ'க்கள் திரளாக வந்து இறங்குகிறார்கள், கஞ்சாவுக்குக் கிராக்கியை உண்டாக்குவது அவர்கள்தான், இப்போது நம் வெள்ளையர்களுக்கும் அந்தப் பழக்கத்தைத் தொற்றவைக்கிறார்கள் என்பது அதன் சாரம். அந்த 'இந்தூ'க்களில் பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்து வயல் வேலைக்கும் மர ஆலை வேலைக்கும் ரயில்பாதை வேலைக்கும் போன சீக்கியர்கள். இந்தியாவிலிருந்து போனவன் எவனானாலும் அங்கே இந்துதான்.

இத்தனைக்கும், 1893-94-இலேயே வெள்ளைக்கார சர்க்கார் இந்தியாவில் ஒரு கமிஷன் போட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, ஏழு தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டிருந்தது. அளவோடு எடுத்துக்கொள்வதால் பெரிய கேடு ஒன்றும் இல்லை, முழுத்தடை வேண்டாம் என்பது அதன் முடிவு. ஆனால் கலிபோர்னியாவில் நடந்த பேச்சு செடியைப் பற்றியதாக இல்லை. செடியை வைத்திருந்த ஆட்களைப் பற்றியதாக இருந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை. அதே காலத்தில் அமெரிக்கா போய் பெர்க்லியில் படித்த பகத்சிங் திண்ட் என்கிற சீக்கியர், தனக்குக் குடியுரிமை வேண்டும் என்று வழக்காடினார். அங்கே அப்போது குடியுரிமை பெற வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியாகவோ இருக்க வேண்டும். தான் உயர்சாதி இந்து, ஆரிய வம்சம், ஆகவே வெள்ளையன் என்பது அவர் தரப்பு வாதம். 1923-இல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சாதியை மூட்டை கட்டிக்கொண்டு கடல் தாண்டியவனுக்கு அக்கரையில் அதை விற்க முடியவில்லை. வாசிக்கும்போது சிரிப்பும் வந்தது, கசப்பும் வந்தது.

தீட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீட்டு பொருளில் இருப்பதாக அவர்கள் சொல்லுவார்கள். நாம் பார்த்தது வேறு. பறை சாவு வீட்டில் நம் தோளில் தொங்கும்போது இழிவு. அதுவே சபா மேடை ஏறினால் கலை. தோல் நம் கையில் நாறும், ஏற்றுமதியாளன் கையில் மணக்கும். கஞ்சாவுக்கே வருவோம். 1985-இல் இந்தியா கொண்டுவந்த போதைப்பொருள் சட்டத்தைப் பாருங்கள். பூவும் காயுமாக இருக்கிற நுனிதான் அதில் கஞ்சா. தனியாகப் பறித்த இலை கஞ்சா அல்ல. அந்த இலையை அரைத்தால் பாங்கு. வடக்கே சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கடையிலேயே அதை வாங்கிக் குடிக்கலாம். பூவை வைத்திருந்தால் அளவைப் பொறுத்து 20 வருடம் வரை உள்ளே. ஒரே செடிக்குள் வருணம் பிரித்திருக்கிறார்கள். சாமிக்குப் போகிற பாகம் தப்பித்துக்கொண்டது.

கலிபோர்னியாவில் 'இந்தூ'க்குப் பிறகு மெக்சிகோக்காரன் வந்தான், பிறகு கறுப்பன் வந்தான். கஞ்சா ஒவ்வொரு முறையும் வந்தவன் பேரோடு ஒட்டிக்கொண்டது. 1930-இல் ஒன்றிய அரசின் போதைப்பொருள் துறைக்குத் தலைவரான ஹாரி ஆன்ஸ்லிங்கர் இந்த ஒட்டுதலை நாடு முழுக்கக் கொண்டுபோனார். 1937-இல் ஒன்றியச் சட்டமும் வந்தது. இதை நீட்ட விரும்பவில்லை. யார் மேல் பயம் வேண்டுமோ அவர்கள் கையில் இருப்பது குற்றமாகும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பிறகு 1960-கள். வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் கல்லூரி விடுதியில் உட்கார்ந்து கஞ்சா இழுக்க ஆரம்பித்தார்கள். போலீஸ்காரன் கை முதன்முறையாக வக்கீல் வீட்டு, டாக்டர் வீட்டுப் பிள்ளைகளின் சட்டைக்காலரில் விழுந்தது. 1972-இல் கஞ்சாவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி ஒரு ஓட்டெடுப்பு நடந்தது. மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான் விழுந்தது. ஆனால் மூன்றே வருடத்தில், 1975-இல், ஜார்ஜ் மாஸ்கோனி கொண்டுவந்த மசோதாவில் கவர்னர் ஜெரி பிரவுன் கையெழுத்துப் போட்டார். ஒரு அவுன்சு வரை வைத்திருப்பது பெருங்குற்றம் என்ற நிலை போய், அதிகபட்சம் 100 டாலர் அபராதத்தோடு முடிகிற சிறு குற்றம் ஆயிற்று. அறுபது வருடமாக 'இந்தூ'வும் மெக்சிகோக்காரனும் கறுப்பனும் உள்ளே போனபோது அசையாத சட்டம், சொந்த வீட்டுப் பிள்ளை மாட்டியதும் இளகியது. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. சதி என்றால் அம்பலப்படுத்திவிடலாம். இது அதைவிட இயல்பான விசயம். யாருடைய வலி நமக்கு வலியாகத் தெரிகிறது என்பது சம்பந்தப்பட்டது.

இந்த இடத்தில் நான் நிதானிக்க வேண்டியிருக்கிறது. அடுத்து வருகிறவர்களை வசதியானவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

1980-களில் சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயில் ஆண்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பெரும்பாலும் ஓரினச்சேர்க்கையாளர்கள். பெற்றவர்களே வீட்டுக்குள் விடவில்லை. அவர்கள் குடித்த டம்ளரைத் தொடப் பயந்தார்கள். தீண்டாமை என்பதற்கு நமக்கு வேறு விளக்கம் தேவையில்லையே. மருந்து குமட்டியது, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு எலும்பாகியது. கஞ்சா அவர்களுக்குப் பசியைக் கொடுத்தது. மேரி ஜேன் ராத்பன் என்கிற நரைத்த தலைக் கிழவி கஞ்சா கலந்த பிரவுனி கேக்கைத் தன் சமையலறையில் சுட்டு, சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொண்டுபோய்ச் சும்மா கொடுத்தார். 1981, 1982, 1992 என்று மூன்று முறை கைது. முதல் வழக்கில் நீதிபதி கொடுத்தது 500 மணிநேரச் சமூகப்பணி. டென்னிஸ் பெரான் என்பவர் கஞ்சா வியாபாரி. அவருடைய துணைவர் ஜொனாதன் வெஸ்ட்டுக்கு எய்ட்ஸ். 1990-இல் போலீஸ் அவர்கள் வீட்டில் புகுந்து பெரானைப் பிடித்தது. எழுந்து நிற்கவே தெம்பில்லாத வெஸ்ட் கோர்ட்டுக்கு வந்து 'அது என்னுடையது' என்று சாட்சி சொன்னார். கொஞ்ச நாளில் செத்துப்போனார். அந்தச் சாவிலிருந்துதான் இயக்கம் எழுந்தது. 1991-இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் மட்டும் நடத்திய ஓட்டெடுப்பில் மருத்துவக் கஞ்சாவுக்கு ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு கிடைத்தது. பெரான் நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் வைத்து வெளிப்படையாகவே கஞ்சா கொடுத்தார்.

அந்தக் கிழவியையும் அந்த மனிதரையும் நான் கும்பிடுகிறேன். வலியைத் தராசில் வைத்து இவர்களுடையது பெரிது, அவர்களுடையது சிறிது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அதே வருடங்களில் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், பாலம் தாண்டினால் ஓக்லாந்து. 1966-இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி பிறந்த ஊர். 1972-இல் பம்பாயில் நம் ஆட்கள் 'தலித் பாந்தர்' என்று பெயர் வைத்துக்கொண்டது அந்தக் கட்சியைப் பார்த்துத்தான். அந்த ஊரின் தெருமுனைகளில் கறுப்பினப் பையன்கள் இதே செடிக்காகப் பிடிபட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் முகம்கூட அந்தப் பிரச்சாரத்தின் முகமாகவில்லை. ஏன்? ஒரு சட்டம் அநியாயம் என்று நிரூபிக்க, அதனால் அடிபட்ட ஒரு 'அப்பாவி'யைக் காட்ட வேண்டியிருக்கிறது. சாகப்போகிறவன் அப்பாவி. பேக்கரிக் கிழவி அப்பாவி. தெருமுனையில் நிற்கிறவன்? அவன் வேறு என்னென்ன செய்தானோ என்று சந்தேகம் வந்துவிடும். நம் வழக்குகளிலும் இதைப் பார்த்திருக்கிறோம். அடித்துக் கொல்லப்பட்ட பையன் நன்றாகப் படிக்கிறவனா, குடிக்காதவனா என்று பத்திரிகைக்காரர் முதலில் விசாரிப்பார். 'ஆமாங்க, நல்ல பையங்க' என்று நாமும் மூச்சு முட்டச் சொல்லுவோம். நல்லவனாக இல்லாவிட்டால் கொல்லலாமா என்று கேட்க அந்த நேரத்தில் நமக்கு நாக்கு எழுவதில்லை.

1996 நவம்பர் 5. குடியரசுத் தலைவர் தேர்தல் நாள். கலிபோர்னியாவில் அன்றைக்கு ஆளுக்கு ஓட்டுப் போடுவதோடு சட்டத்துக்கும் நேரடியாக ஓட்டுப் போடலாம். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ஒரு எண் உண்டு. அன்றைய சீட்டில் 215 என்பது மருத்துவக் கஞ்சா. டாக்டர் சொன்னால் நோயாளி வைத்துக்கொள்ளலாம், வளர்த்துக்கொள்ளலாம். 55.6 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலம் ஓட்டுப் போட்டு இப்படிக் கதவைத் திறந்தது அதுதான் முதல் முறை. கஞ்சா வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த நாளைக் கொண்டாடுவார்கள்.

அதே சீட்டில் 209 என்று இன்னொரு எண் இருந்தது. அரசு வேலையிலும் கல்வியிலும் ஒப்பந்தங்களிலும் இனத்தையோ பாலினத்தையோ பார்த்து முன்னுரிமை தரக்கூடாது என்பது அது. நம் பாஷையில் சொன்னால், ஏறக்குறைய, இடஒதுக்கீட்டுக்குத் தடை. 'கலிபோர்னியா சிவில் உரிமை முயற்சி' என்று அதற்குப் பெயர். பெயரைப் பாருங்கள். அதற்கும் 54 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்து நிறைவேறியது. 1998-இல் புதிய விதிப்படி முதல் சேர்க்கை நடந்தபோது பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலும் கறுப்பின மாணவர் எண்ணிக்கை சரிந்தது.

இரண்டு சதவீதத்தையும் கூட்டினால் நூறைப் பத்து தாண்டுகிறது. அப்படியானால் பத்துக்கு ஒருவராவது இரண்டுக்கும் ஆமாம் போட்டிருக்க வேண்டும். உண்மையில் எத்தனை பேரோ. அந்த ஒருவரை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். கெட்ட மனிதராக இருக்க மாட்டார். நோயாளியின் மேல் இரக்கம் வந்தது, ஓட்டுப் போட்டார். பக்கத்து எண்ணில், 'எல்லோரும் சமம்தானே, இன்னும் என்ன சலுகை' என்று நினைத்தார், அதற்கும் போட்டார். இரக்கம் ஒரு கட்டத்தில், நியாயம் இன்னொரு கட்டத்தில். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. இரக்கம் கொடுக்கிறவன் மனசைப் பொறுத்தது. நியாயம் அப்படியில்லை, அதில் கடன் இருக்கிறது. அவருக்கு இரக்கம் இருந்தது, கடன் இருப்பதாகத் தோன்றவில்லை. நம் ஊரில் சேரிக்குப் பழைய சேலை கொண்டுவந்து கொடுக்கிற அம்மாவிடம் பொதுப்பாதையைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

இருபது வருடம் கழித்து 2016 நவம்பரில் 64 என்கிற எண் வந்தது. 21 வயதான யாரும் ஒரு அவுன்சு வைத்துக்கொள்ளலாம், வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம், கடையில் வாங்கலாம். 57 சதவீதம் ஆதரவு. 2018 ஜனவரி 1 முதல் கடைகள் திறந்தன. நடுவில் 2010-இல் ஒருமுறை தோற்றிருந்தார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 2020-இல் அந்த 209-ஐ ரத்து செய்ய ஒரு முன்மொழிவு வந்தது. வேண்டாம் என்று அதைத் தோற்கடித்தவர்களும் 57 சதவீதம்தான். கஞ்சாவுக்குக் கதவு திறந்த அதே விகிதம், ஒதுக்கீட்டுக்குத் திறக்காது என்றது. (2016-இல் கஞ்சாவுக்கு ஆதரவு திரட்டிய கேவின் நியூசம், கவர்னரான பிறகு 2023-இல், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதா மேசைக்கு வந்தபோது, இருக்கிற சட்டமே போதும் என்று திருப்பி அனுப்பினார். எந்தச் சாதியார் அதற்கு எதிராக மனுப் போட்டார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.)

இனிதான் என் கேள்வி. நேற்றுவரை குற்றமாக இருந்தது இன்று குற்றமில்லை என்றால், நேற்று தண்டிக்கப்பட்டவன் யார்?

சட்டம் படித்த நண்பர் ஒருவர் சொன்னார்: 'அன்னைக்கு அது சட்டம். தெரிஞ்சே மீறினான். சட்டம் மாறும்னு அவனுக்கு யாரும் வாக்குக் கொடுக்கல.' இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொருவனும் எதிர்காலச் சட்டத்தைப் பார்த்து நடந்தால் ஊர் நடக்காது. ஆனால் இந்த வாதம் இன்னொருவனையும் உத்தேசிக்கிறது. அதே சட்டத்தை அதே அளவுக்கு மீறி, பிடிபடாதவனை. அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் கறுப்பர் கைதாவதற்கான வாய்ப்பு வெள்ளையரைப் போல 3.7 மடங்கு என்று அங்குள்ள சிவில் உரிமைச் சங்கம் 2013-இல் கணக்குக் காட்டியது. ஓக்லாந்து நகராட்சியின் சொந்தக் கணக்கே இன்னும் பச்சையாக இருக்கிறது. 2015-இல் கஞ்சாவுக்காகக் கைதானவர்களில் கறுப்பர் 77 சதவீதம், வெள்ளையர் 4 சதவீதம். மக்கள்தொகையில் இரண்டு பேரும் ஏறக்குறைய சமம். ஆகவே அங்கே தண்டிக்கப்பட்டது சட்டத்தை மீறியது அல்ல, மீறியவர்களில் ஒரு நிறம். நண்பரின் வாதம் எல்லோரையும் பிடித்திருந்தால்தான் நிற்கும்.

தீர்ப்பைத் துடைக்க 64-ஆம் முன்மொழிவிலேயே இடம் இருந்தது. எப்படி? பாதிக்கப்பட்டவனே மனுப் போட வேண்டும். கோர்ட்டைக் கண்டுபிடித்து, பழைய வழக்கு எண்ணைத் தேடி, முடிந்தால் வக்கீல் வைத்து, 'என் குற்றத்தைக் குறையுங்கள்' என்று கேட்க வேண்டும். போட்டவர்கள் சிலரே. போலீசைக் கண்டால் தெரு மாறிப் போகிறவன் கோர்ட்டு வாசலுக்குத் தானாகப் போவானா? அவனைத் தேடிப் பிடிக்கும்போது அரசு மனுவுக்காகக் காத்திருந்ததா? 2018-இல் சான் பிரான்சிஸ்கோ அரசு வழக்கறிஞர் நாங்களே தேடித் துடைக்கிறோம் என்றார். ஒரு தொண்டு நிறுவனத்தின் கணினி நிரலை வைத்து 1975 வரை பின்னோக்கிப் போய் 9,000-க்கு மேற்பட்ட தீர்ப்புகளை எடுத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 2020-இல் 66,000. மாநிலம் முழுக்க அரசே தேட வேண்டும் என்று 2018-இல் ஒரு சட்டம். கோர்ட்டுகள் இழுத்தடித்ததால் 2022-இல் கெடு வைத்து இன்னொரு சட்டம். கணினிக்குச் சில நிமிடம் பிடித்த வேலை, மனிதனுக்கு ஒரு ஆயுள் பிடித்திருக்கிறது. அந்த ஏட்டைக் காட்டி வேலை மறுத்தார்கள், வீடு மறுத்தார்கள், உதவித்தொகையை நிறுத்தினார்கள். ஏடு போய்விட்டது. மற்றது எங்கே?

நம் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விசயம் இடறும். தீண்டாமை ஒழிக்கப்படுகிறது. சரி. யார் கடைப்பிடித்தார்கள்? யாரிடம்? எத்தனை காலம்? பதிலுக்கு என்ன? அந்த வாக்கியத்தில் ஆள் இல்லை. மழை நின்றது என்பதைப் போல இருக்கிறது. அம்பேத்கருக்கு ஆள் யாரென்று தெரியாததல்ல. அந்த அவையில் அவ்வளவுதான் வாங்க முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கலிபோர்னியாவிலும் அப்படித்தான். கஞ்சா சட்டபூர்வமாயிற்று. செடி மன்னிக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் வாக்கியத்துக்கு வெளியே நின்றுகொண்டான்.

கேட்க முயன்ற முதல் ஊர் ஓக்லாந்து என்று சொல்லலாம். 2017-இல் அந்த நகரம் நாட்டிலேயே முதல் முறையாக ஒரு திட்டம் போட்டது. கஞ்சாக் கடை லைசென்சில் முதல் கட்டத்தில் பாதி, கஞ்சாச் சட்டத்தால் அடிபட்டவர்களுக்கு. ஆனால் அடிபட்டவர் கறுப்பர் என்று எழுத முடியாது. 209 நிற்கிறதே! 1996-இல் ஒரு கட்டத்தில் போட்ட ஓட்டு, பக்கத்துக் கட்டத்துப் பலனைப் பங்கு வைக்க வரும்போது குறுக்கே படுத்துக்கொண்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? போலீஸ் ரோந்து எல்லை எண்களை எழுதினார்கள். கஞ்சாக் கைது அதிகமாக நடந்த 21 ரோந்து எல்லைகளில், கடந்த 20 வருடத்தில் 10 வருடம் குடியிருந்தவர், வருமானம் குறைந்தவர் விண்ணப்பிக்கலாம். எனக்கு இதை வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது. சாதிப் பெயரைச் சொல்லக்கூடாது, சரி. போலீஸ்காரன் எந்தத் தெருவில் அதிகம் நுழைந்தானோ அந்தத் தெருவைச் சொல். சேரி எது என்று கண்டுபிடிக்க வேறு வரைபடம் வேண்டுமா?

இன்னொரு தகுதி, ஓக்லாந்தில் கஞ்சாக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருப்பது. அதற்கு ஒரு தேதி வைத்தார்கள். 1996 நவம்பர் 5-க்குப் பிறகு. மருந்து என்று ஒப்புக்கொண்ட பிறகும் தண்டித்தது அநியாயம் என்கிற தர்க்கம். 1990-இல் பிடிபட்டு உள்ளே போனவன், இன்று கிழவன். அவன் தண்டனை தகுதிக் கணக்கில் இல்லை.

பிறகு நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. லைசென்ஸ் கிடைத்தவனிடம் முதல் இல்லை. ஒன்றியச் சட்டத்துக்குப் பயந்து பாங்குகள் கடன் கொடுக்கவில்லை. பணக்காரன் வந்தான். பேர் உன்னுடையது, கடை என்னுடையது. ஆயிரம் சதுர அடியை மூன்று வருடம் வாடகையில்லாமல் இவர்களில் ஒருவருக்குக் கொடுத்தால் பெரிய முதலாளிக்கு லைசென்சில் முன்னுரிமை என்று விதியே இருந்தது. அந்த ஆயிரம் அடியில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர், ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்தபோது தன் கடையில் தானே கூலி என்று கண்டார்கள். பஞ்சமி நிலம் பார்த்த நமக்கு இது பழைய கதை. 1892-க்குப் பிறகு கொடுக்கப்பட்ட நிலம் எப்படிக் கை மாறியது, அதைக் கேட்டு 1994-இல் காரணையில் என்ன நடந்தது என்பதெல்லாம் இந்தப் பக்கங்களின் வாசகர்கள் அறிந்ததே. பினாமி என்ற சொல் நம் கிராம நிர்வாக அலுவலகத்தில் மட்டும்தான் புழங்குகிறது என்று நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா எழுந்தார். மகளிர் குழு நடத்துகிறவர். 'தம்பி, ஒன் நியாயமெல்லாம் சரி. ராத்திரி போதையில வர்றவன்கிட்ட ஒத வாங்குறது நீயா நானா? எங்க தெருவுல பள்ளிக்கூடத்துப் புள்ள கையில பொட்டலம் இருக்கு. அதுக்கு நீ என்ன சொல்ற?' நான் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை என்றேன். அவர் உட்காரவில்லை.

உட்காரக்கூடாதுதான். கலிபோர்னியாவிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 2010-இல் முன்மொழிவு வந்தபோது கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் மாநிலத் தலைவர் ஆலிஸ் ஹஃப்மேன், இது எங்கள் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்புகிற சட்டம், ஆகவே நீக்க வேண்டும் என்று ஆதரித்தார். கறுப்பினப் போதகர் ஒருவர் தலைமையில் ஒரு கூட்டம் திரண்டு, எங்கள் தெருக்களை இன்னும் நாசமாக்கப் பார்க்கிறீர்கள், பதவி விலகுங்கள் என்றது. இரண்டு பக்கமும் ஒரே தெருவின் சாவைப் பார்த்தவர்கள். முன்மொழிவு தோற்றது. யார் சரி? போதை தெருவைக் கெடுக்கும் என்பது உண்மை. போலீஸ் ஜீப் தெருவைக் கெடுக்கும் என்பதும் உண்மை. நான் யோசித்தவரையில், கெட்டுப்போன பையனை அந்த அக்காவிடமோ ஒரு டாக்டரிடமோ கொடுக்கலாம், ஜீப்பில் ஏற்றுகிறவனிடம் கொடுக்க முடியாது. அக்காவிடம் இதைச் சொன்னேன். 'டாக்டரு எங்க இருக்காரு தம்பி நம்ம தெருவுல?' என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெரியம்மா மகன் கதையைச் சொல்கிறேன் என்றேன். அவன் பீடி கூடக் குடிக்காதவன் (பாருங்கள், நானும் அவன் நல்ல பையன் என்றுதான் ஆரம்பிக்கிறேன்). கோயில் வரி தகராறில் முன்னால் நின்றான். இரண்டு நாள் கழித்து ஒன்றரைக் கிலோ கஞ்சாவோடு பிடிபட்டதாக எழுதினார்கள். ஆறு வருடம் வாய்தா. சாட்சி சொன்னவர் எந்த இடத்தில் எடுத்தோம் என்பதையே மாற்றிச் சொன்னார். கோர்ட்டு விடுதலை செய்தது. தெருவே கூடிப் போய் மாலை போட்டோம். தீர்ப்பில் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று ஒரு தொடர் இருந்தது. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

அவன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதினான். ஓடினான், கயிறு ஏறினான், பாஸ் பண்ணினான். போலீஸ் வேலைக்கு ஏன்டா என்று கேட்டதற்கு, 'பொட்டலம் எங்க இருந்து வருதுன்னு பாக்கலாம்ணே' என்று சிரித்தான். சரிபார்ப்பில் நின்றுவிட்டது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று விதி இருக்கிறதாம். கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். இப்போது ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்கு விண்ணப்பம் போடப் போகிறான். அதில் ஒரு கேள்வி: உங்கள் மேல் எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததா? ஆம், இல்லை, இரண்டு கட்டம்.

'எதுலண்ணே டிக் போட?' என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.